லினக்ஸ் லேப்டாப்: பேட்டரியைக் காப்பாற்றுவது எப்படி?

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்த சம்பவம் இது. கல்லூரியில் இறுதியாண்டு படித்த என் தங்கைக்கு ஆன்லைனில் கேம்பஸ் இன்டர்வியூ. திருச்சியில் எங்கள் ஏரியாவில் அன்று மாதாந்திர பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்கே கரண்ட் போய்விட்டது. "பரவாயில்லண்ணா, நூறு பர்சன்ட் சார்ஜ் இருக்கு, போன்ல நெட் இருக்கு" என்று தைரியமாகத்தான் உட்கார்ந்தாள். 50 நிமிடம் போனது. பேட்டரி 31 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் லேப்டாப் அணைந்துவிட்டது. மீதி இன்டர்வியூவை போனைக் கையில் பிடித்தபடி முடித்தாள். அந்த வேலை கிடைக்கவில்லை. அதற்கு பேட்டரிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தவன் நான். "எப்பவும் சார்ஜர்லயே போட்டு வை, அதுதான் பேட்டரிக்கு நல்லது" என்று அறிவுரை சொன்னவனும் நான்தான். அந்த அறிவுரை தவறு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

புதிதாக லேப்டாப் வாங்கி லினக்ஸ் பயன்படுத்தத் தொடங்கியுள்ள உங்களுக்கு இந்த நிலை வராமல் இருக்க என்ன செய்யலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். நான் உபுண்டுவை வைத்தே விளக்குகிறேன். ஃபெடோரா, டெபியன், லினக்ஸ் மின்ட் போன்றவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

இரண்டும் ஒன்றல்ல

பேட்டரி என்றதும் நாம் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக் கொள்கிறோம். முதலாவது, ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. இரண்டாவது, அந்த பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்பது. திரையின் வெளிச்சத்தைக் குறைத்தால் முதலாவது கூடும். இரண்டாவதற்கு அதனால் பெரிய பலன் இல்லை. சார்ஜை 80 சதவீதத்தில் நிறுத்தினால் இரண்டாவது கூடும். ஆனால் அன்றைக்கு ஓடும் நேரம் கொஞ்சம் குறையும். எது எதற்கு என்று தெரிந்துகொண்டால், யாரோ சொன்ன டிப்ஸை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வேண்டியதில்லை.

பேட்டரிக்குள் நடப்பது என்ன?

இன்றைய லேப்டாப்களில் இருப்பவை லித்தியம் அயான் வகை பேட்டரிகள். இவற்றை 1991-ல் சோனி நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. இந்த பேட்டரியை உருவாக்கியதற்காக ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு முன்பு இருந்த நிக்கல் காட்மியம் பேட்டரிகளுக்கு ஒரு குணம் உண்டு. பாதி தீர்ந்த நிலையிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் செய்தால் அவற்றின் திறன் குறைந்தது போல் ஆகிவிடும். அதனால்தான் "முழுக்கத் தீர்ந்த பிறகு சார்ஜ் போடுங்கள்", "புதிதாக வாங்கியதும் 8 மணி நேரம் சார்ஜ் போடுங்கள்" என்றெல்லாம் சொல்லி வந்தார்கள். இன்றும் சில கடைகளில் இதையே சொல்லி அனுப்புகிறார்கள். லித்தியம் பேட்டரிக்கு இவை தேவையே இல்லை. அடிக்கடி முழுக்கத் தீர விடுவது அதற்குக் கெடுதல்.

லித்தியம் பேட்டரிக்கு உண்மையான எதிரிகள் இரண்டு. ஒன்று வெப்பம். மற்றொன்று முழு சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடப்பது. பேட்டரிக்குள் உள்ள ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் சுமார் 4.2 வோல்ட் அழுத்தத்தில் இருக்கும். (சில புதிய வகை செல்களில் இது இன்னும் சற்று கூடுதல்.) ஒரு ரப்பர் பேண்டை முழுக்க இழுத்து ஆணியில் மாட்டி வைத்தால் என்ன ஆகும்? சில மாதங்களில் அதன் இழுவை போய்விடும் அல்லவா? ஏறக்குறைய அதுபோலத்தான். உயர் வோல்டேஜில் செல்லுக்குள் இருக்கும் திரவம் மெல்ல மெல்லச் சிதைகிறது. சூடும் சேர்ந்தால் அது வேகமாக நடக்கிறது. சில சமயம் உள்ளே வாயு உண்டாகி பேட்டரி உப்பிவிடும்.

கனடாவின் காடெக்ஸ் நிறுவனம் பேட்டரி யுனிவர்சிட்டி என்ற பெயரில் வெளியிட்டு வரும் தகவல்களில் ஓர் அட்டவணை உண்டு. பயன்படுத்தாமல் ஓராண்டு எடுத்து வைத்த பேட்டரியில் எவ்வளவு திறன் மிஞ்சும் என்று அது காட்டுகிறது.

25 டிகிரி வெப்பத்தில்: 40 சதவீத சார்ஜில் வைத்தால் 96 சதவீதம் மிஞ்சும், முழு சார்ஜில் வைத்தால் 80 சதவீதம்.

40 டிகிரி வெப்பத்தில்: 40 சதவீத சார்ஜில் வைத்தால் 85 சதவீதம் மிஞ்சும், முழு சார்ஜில் வைத்தால் 65 சதவீதம்.

ஒரு மணி நேரம்கூடப் பயன்படுத்தாமலேயே, சூட்டிலும் முழு சார்ஜிலும் கிடந்ததற்காக மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி! நம் ஊர் கோடையில், ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பின் உள்ளே 40 டிகிரி என்பது சர்வ சாதாரணம். சார்ஜரை எடுக்காமல் இரண்டரை வருடம் மேஜை மேல் வைத்திருந்த என் தங்கையின் லேப்டாப்பில் நடந்ததும் இதுதான்.

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். "நூறு சதவீதம் ஆனதும் சார்ஜ் தானாக நின்றுவிடுமே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறாமல் லேப்டாப்பில் உள்ள சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். அந்தப் பயம் வேண்டாம். ஆனால் நூறிலேயே நிற்க வைப்பதுதான் இங்கே பிரச்சினை.

உங்கள் பேட்டரியின் நிலையைப் பாருங்கள்

லினக்ஸில் எனக்குப் பிடித்த விஷயம், எதையும் மூடி மறைக்காது என்பதுதான். பேட்டரியின் உடல்நிலையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

உபுண்டுவில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற புரோகிராமைத் திறந்து கொள்ளுங்கள். உங்கள் சிஸ்டத்தில் அது இல்லாவிட்டால் இலவசமாக இன்ஸ்டால் செய்துகொள்ளலாம். இடது பக்கம் லேப்டாப் பேட்டரி என்பதை கிளிக் செய்தால் வலது பக்கம் ஒரு பட்டியல் வரும். அதில் மூன்று வரிகளை மட்டும் கவனித்தால் போதும்.

1. எனர்ஜி (டிசைன்): புதிதாக இருந்தபோது பேட்டரி பிடித்த மின்சக்தி.

2. எனர்ஜி வென் ஃபுல்: இன்று முழுக்க சார்ஜ் செய்தால் பிடிக்கும் மின்சக்தி.

3. ரேட்: இந்த நிமிடம் லேப்டாப் எத்தனை வாட் இழுக்கிறது என்பது. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

முதல் இரண்டும் வாட் அவர் என்ற அளவில் இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்து நூறால் பெருக்கினால் பேட்டரியின் ஆரோக்கியம் சதவீதத்தில் கிடைத்துவிடும். தங்கையின் லேப்டாப்பில் டிசைன் 41, இப்போது 22. அதாவது 54 சதவீதம். பேட்டரி ஐகானில் காட்டும் "100" என்பது அந்த 22-ல் நூறு. 41-ல் நூறு அல்ல! இதைத்தான் நாங்கள் இருவரும் கவனிக்கவே இல்லை.

ரேட் எதற்கு? வீடியோ அழைப்பின்போது அந்த லேப்டாப் 18 வாட் இழுத்தது. 41-ஐ 18-ஆல் வகுத்தால் இரண்டே கால் மணி நேரம். 22-ஐ வகுத்தால் 73 நிமிடம்தான். அதுகூட முழுதாக வரவில்லை. பேட்டரிக்கு வயதாகும்போது அதன் உள்தடை அதிகமாகிறது. வீடியோ அழைப்பு போன்ற பாரமான வேலை வந்ததும் வோல்டேஜ் சட்டென்று இறங்குகிறது. உடனே பாதுகாப்பு சர்க்யூட் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 31 சதவீதத்தில் அணைந்ததன் ரகசியம் இதுதான்.

என் கருத்தில், மாதம் ஒருமுறை இந்த எண்களை நோட்டில் குறித்து வைப்பது நல்லது. ஆரோக்கியம் 80-க்குக் கீழே வந்தால் கவனம் தேவை. 60-க்குக் கீழே என்றால் முக்கியமான வேலைக்கு அந்த பேட்டரியை நம்ப வேண்டாம்.

80-ல் நிறுத்துங்கள்

பெரும்பாலும் மேஜையில் சார்ஜரோடு வேலை செய்பவரா நீங்கள்? அப்படியானால் செய்ய வேண்டிய முதல் காரியம், சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி அமைப்பது. இதற்கு நான்கு வழிகள் உள்ளன. உங்கள் லேப்டாப்புக்குப் பொருந்துவதைத் தேர்ந்தெடுத்துக் கொள்ளுங்கள்.

முதல் வழி: மார்ச் 2025-ல் வந்த ஜினோம் 48 முதல் இந்த வசதி செட்டிங்ஸிலேயே உள்ளது. உபுண்டு 25.04, ஃபெடோரா 42 ஆகியவற்றில் ஜினோம் 48 இருக்கிறது. செட்டிங்ஸ் திறந்து, பவர் பகுதிக்குச் செல்லுங்கள். பேட்டரி சார்ஜிங் என்ற தலைப்பின் கீழ் "மேக்ஸிமைஸ் சார்ஜ்", "பிரிசர்வ் பேட்டரி ஹெல்த்" என இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான்! உங்கள் லேப்டாப்பின் ஹார்டுவேர் இதற்கு இடம் தராவிட்டால் இந்தத் தலைப்பே தெரியாது.

இரண்டாம் வழி: கேடிஈ பிளாஸ்மா பயன்படுத்துபவர்களுக்கு 2020-ல் வந்த 5.20 பதிப்பிலிருந்தே இந்த வசதி உண்டு. சிஸ்டம் செட்டிங்ஸில் பவர் மேனேஜ்மென்ட் பகுதியில் சார்ஜ் லிமிட் என்று தேடுங்கள்.

மூன்றாம் வழி: உபுண்டு 24.04 போன்ற சற்றுப் பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் டிஎல்பி என்ற இலவசப் புரோகிராமை இன்ஸ்டால் செய்யலாம். இதை மவுஸால் இயக்க டிஎல்பி யூஐ என்ற துணைப் புரோகிராமும் உண்டு. அதில் பேட்டரிக்கான பகுதியில் ஸ்டார்ட் என்ற இடத்தில் 75, ஸ்டாப் என்ற இடத்தில் 80 என்று கொடுங்கள். 75-க்குக் கீழே இறங்கினால்தான் சார்ஜ் ஏறத் தொடங்கும். 80 ஆனதும் நின்றுவிடும்.

நான்காம் வழி: லேப்டாப்பின் பயாஸ். டெல், ஹெச்பி போன்ற நிறுவனங்களின் பல மாடல்களில் பயாஸுக்குள்ளேயே பேட்டரியைக் காக்கும் அமைப்பு உள்ளது. ஒருமுறை அமைத்துவிட்டால் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டாலும் அது வேலை செய்யும்.

கவனிக்க: எல்லா லேப்டாப்பிலும் ஒரே மாதிரி இருக்காது. திங்க்பேட் வகை லேப்டாப்களுக்கு 2018-ல் வந்த 4.17 கெர்னலிலிருந்தும், அசூஸ் லேப்டாப்களுக்கு 2019-ல் வந்த 5.4 கெர்னலிலிருந்தும் லினக்ஸிலேயே நேரடி ஆதரவு உள்ளது. லெனோவோ ஐடியாபேட் மாடல்களில் நாம் விரும்பும் எண்ணைத் தர முடியாது. கன்சர்வேஷன் மோட் என்பதை ஆன் அல்லது ஆஃப் செய்யலாம், அவ்வளவே. சில மலிவு விலை லேப்டாப்களில் எந்த வழியும் வேலை செய்யாது. அப்படிப்பட்ட லேப்டாப் என்றால், 80-ஐத் தாண்டியதும் சார்ஜரைக் கழற்றிவிட்டு, 30 வந்ததும் மீண்டும் மாட்டுங்கள். தினமும் இதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரவு முழுக்க மாட்டி வைக்காமல் இருந்தாலே பாதி வெற்றி.

ஊருக்குக் கிளம்பும்போதோ, மறுநாள் மின்தடை என்று அறிவிப்பு வந்தாலோ தாராளமாக 100 வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒருநாள் முழு சார்ஜில் இருப்பதால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் அப்படியே கிடப்பதுதான் கெடுதல்.

ஒரு சார்ஜில் அதிக நேரம் ஓட

இனி அன்றாடம் ஓடும் நேரத்துக்கு வருவோம். பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸில் ரேட் வரியைப் பார்த்துக்கொண்டே கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் எது பலன் தருகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

திரை வெளிச்சம்: சும்மா படித்துக்கொண்டிருக்கும்போது அதிக மின்சாரம் சாப்பிடுவது திரைதான். என் லேப்டாப்பில் முழு வெளிச்சத்தில் 8 வாட்டுக்கு மேல் காட்டும். பாதியாகக் குறைத்தால் 6 வாட்.

பவர் மோட்: மேல் மூலையில் உள்ள மெனுவில் பெர்ஃபாமன்ஸ், பேலன்ஸ்டு, பவர் சேவர் என்று இருக்கும். (சில லேப்டாப்களில் முதலாவது இருக்காது.) பேட்டரியில் ஓடும்போது பவர் சேவர் வையுங்கள். டைப் செய்ய, படிக்க, மெயில் பார்க்க இது தாராளமாகப் போதும்.

தனி கிராபிக்ஸ் கார்டு: தங்கையின் லேப்டாப்பில் மின்சாரத்தைக் குடித்த பூதம் இதுதான். அதில் என்விடியா கார்டு இருந்தது. அதற்கான டிரைவரை நான் போட்டபோது எப்போதும் என்விடியாவே ஓடும்படி அமைத்துவிட்டேன். என்விடியா செட்டிங்ஸ் புரோகிராமில் பிரைம் புரொஃபைல்ஸ் பகுதிக்குச் சென்று "ஆன் டிமாண்ட்" என்று மாற்றி, ரீஸ்டார்ட் செய்தேன். வீடியோ அழைப்பில் 18 வாட் இழுத்தது 12-ஆகக் குறைந்துவிட்டது! தேவைப்படும்போது மட்டும் அந்தக் கார்டு விழித்துக்கொள்ளும்.

பிரவுசர்: வீடியோவைப் பிரித்துக் காட்டும் வேலையை பிராசஸருக்குப் பதிலாக கிராபிக்ஸ் சிப் செய்தால் மின்சாரம் மிச்சமாகும். 2023-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 115 முதல், லினக்ஸில் இன்டெல் கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்களுக்கு இது தானாகவே செயல்படும். எனவே பிரவுசரைப் புதிய பதிப்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பயன்படுத்தாத டேப்களையும் மூடுங்கள்.

மூடி வைத்தல்: மூடியை மூடினால் லேப்டாப் தூங்கும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் கரைந்துகொண்டே இருக்கும். புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்த இழப்பு அதிகம். இரவு முழுக்கத் தேவையில்லை என்றால் ஷட் டவுன் செய்துவிடுங்கள். தூங்க வைத்துவிட்டு உடனே பைக்குள் திணிப்பதும் நல்லதல்ல. உள்ளே விழித்துக்கொண்டால் சூடேறிவிடும்.

பவர்டாப்: எந்தப் புரோகிராம் அடிக்கடி பிராசஸரை எழுப்புகிறது என்று காட்டும் கருவி இது. இன்டெல் நிறுவனம் 2007-ல் வெளியிட்டது. டெர்மினலில் ஓடும். கொஞ்சம் பழகிய பிறகு முயன்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. உபுண்டுவில் பவர் மோட் வசதியைத் தருவது பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற பகுதி. டிஎல்பியும் அதே வேலையைச் செய்யக்கூடியது. இரண்டையும் சேர்த்து ஓட விட்டால் ஒன்று அமைப்பதை மற்றொன்று மாற்றும். ஏதாவது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் பார்க்கும் பத்துக் கருவிகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக் கொள்ளாதீர்கள்.

செய்யக் கூடாதவை

1. மெத்தை, தலையணை மேல் வைத்துப் பயன்படுத்தாதீர்கள். காற்றுப் போகும் துவாரம் அடைபட்டு உள்ளே சூடு ஏறும்.

2. வெயிலில் நிற்கும் காரிலோ, வண்டிப் பெட்டியிலோ வைக்காதீர்கள்.

3. மாதக்கணக்கில் பயன்படுத்தப் போவதில்லை என்றால் முழு சார்ஜிலோ, காலியாகவோ வைக்காதீர்கள். 40 முதல் 50 சதவீதத்தில் வைத்து ஷட் டவுன் செய்யுங்கள்.

4. தினமும் பூஜ்யம் வரை இறக்காதீர்கள். 80-ல் நிறுத்தி வைப்பவர்கள் மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 100 வரை ஏற்றி, 10 சதவீதம் வரை இறக்கலாம். இது பேட்டரிக்கு மருந்து அல்ல. சதவீதக் கணக்கைச் சரிப்படுத்த மட்டுமே.

5. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வருகிறதா? அடிமூடி உப்பியிருக்கிறதா? உடனே நிறுத்துங்கள். சார்ஜ் செய்யாதீர்கள். ஊசியால் குத்துவதோ, அழுத்துவதோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் கழற்றித் தரச் சொல்லுங்கள். பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் அங்கேயே ஒப்படையுங்கள். 2022-ல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகளின்படி, அதைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு.

6. மாற்று பேட்டரி வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். மாடல் எண்ணும் வோல்ட்டும் சரியாகப் பொருந்த வேண்டும். போட்டவுடன் டிசைன், ஃபுல் இரண்டு எண்களையும் பாருங்கள். கிட்டத்தட்ட சமமாக இல்லாவிட்டால் கேள்வி கேளுங்கள்.

கடைசியாக...

தங்கையின் லேப்டாப்புக்குப் புது பேட்டரி போட்டு 10 மாதம் ஆகிறது. முதல் நாளே 80-ல் நிறுத்தும்படி அமைத்துவிட்டோம். போன வாரம் பார்த்தபோது டிசைன் 41, ஃபுல் 39.5. அதாவது 96 சதவீதம். 80 சதவீதம் சார்ஜ் மட்டும் இருந்தாலும் வீடியோ அழைப்பு இரண்டரை மணி நேரம் தாங்குகிறது. பழைய பேட்டரி "100 சதவீதம்" என்று சொல்லிக்கொண்டு ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது மின்தடை அறிவிப்பு வந்தால் முந்தின நாள் இரவே 100 வரை ஏற்றிவிட்டு, "எனர்ஜி வென் ஃபுல் எவ்வளவுன்னு பார்த்துட்டேன் அண்ணா" என்று எனக்கே தகவல் சொல்கிறாள். அடுத்த மாதம் அவளுக்கு இன்னொரு இன்டர்வியூ இருக்கிறது.

உங்கள் லேப்டாப் வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. இன்றே அந்த இரண்டு எண்களைக் குறித்து வைத்து, 80-ல் நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். இழந்த பேட்டரித் திறனை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே முடியும்.